வீட்டு எண் இல்லாத தெரு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

"போன்ல நீ பேசாம இருக்கிறதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்ல. மெசேஜ் போட்டா ஒத்தை எழுத்துல 'ம்'ங்கிற. உக்காந்து எழுதித் தொலை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வாலு என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "அப்பா, அம்மா இப்ப எங்க இருக்கா?" என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் அவளுக்குக் கேட்டிருக்கும். பின்னால் நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. "அப்பனாம் அப்பன், பெத்த பொண்ணு கேட்டா பதில் சொல்லத் துப்பில்ல." பிறகு போனைப் பிடுங்கித் திட்டினீர்கள். நானும் கத்தினேன். துறை நடைபாதையில் நின்றிருந்தேன். மாணவர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள்.

இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. காலையில் எழுந்திருக்கிறேன். வகுப்பு எடுக்கிறேன். பாதி வழி போனபிறகு அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து திரும்பி வருகிறேன். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது கதவைத் திறந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. உங்கள் தங்கையின் குடை இன்னும் வாசலில்தான் மாட்டியிருக்கிறது. எடுத்தால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மே மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. அதே துறையில் ஒரு நிரந்தர இடம் காலியாகி இருக்கிறது. மார்ச் 6ஆம் தேதி தேர்வுக் குழு முன்னால் நான் பேச வேண்டும். கிடைத்தால் ஜூனில் வாலுவை அழைத்து வந்துவிடலாம். கொஞ்ச நாள் மட்டும் உங்களோடு இருக்கட்டும் என்றுதானே முடிவு செய்தோம்?

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு தாளில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீளமாக ஒரு தெரு. ஒவ்வொரு வீடும் ஒரு நாள். நடுவில் ஒரு வீட்டில் வாலு இருக்கிறாள், அது இன்றைக்கு. கொஞ்சம் தள்ளி நீலக் கதவு போட்ட வீட்டில் அவள் அம்மா அவளுக்குத் தலை வாரிவிடுகிறாள், அது போன வருஷம். கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "நீ ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்துட்டா அந்த வீடு காணாமப் போயிடுமா? போகாது. அம்மா அந்த வீட்டுலதான் இருக்கா. நாமதான் வேற வீட்டுல இருக்கோம்." சகலையிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வாலு தலைவலி என்று சொன்னாளா? சொன்னால் உடனே தெரிவியுங்கள். அவள் அம்மாவுக்கும் காலையில் வெறும் தலைவலி என்றுதான் ஆரம்பித்தது, சாயங்காலம் அவள் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

டாக்டருங்க கிறுக்குறதைப் படிச்சு மருந்து எடுத்துக் குடுக்கிறதுதான் எனக்குப் பொழப்பு. உன் எழுத்து என்னையே தோக்கடிச்சிடுச்சு. அதுல வேற பாடப்புத்தகம் மாதிரி எழுதியிருக்க. "தெரிவியுங்கள்." யாருப்பா நீ, தாசில்தாரா? என்கிட்டதானே பேசுற, பேசுற மாதிரி எழுதினா கை சுளுக்கிக்குமா?

தலைவலி இல்ல. காய்ச்சல் இல்ல. பேன்தான் இருக்கு. ஞாயித்துக்கெழமை எல்லாம் உக்கார வச்சு எடுத்தேன், என் மடியிலேயே தூங்கிட்டா. நீ தலைவலியைப் பத்திக் கேக்குற, பொண்ணைப் பத்திக் கேக்க மாட்டேங்குற. அவளுக்கு முன்பல் ஒண்ணு ஆடுது. கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் ஆட்டிக் காட்டுறா. இது உனக்குத் தெரியுமா?

படத்தை இவர் படிச்சுக் காட்டினார். நானும் பக்கத்துல நின்னேன். ரெண்டாவது தடவை படிக்கச் சொல்லிக் கேட்டா. அப்புறம் சிரிச்சா பாரு, அம்மா போனதுக்கப்புறம் அப்படி ஒரு சிரிப்பை நான் பாக்கல. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா மறுநாளே கடையில இருமல் மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர்கிட்ட, "எங்கம்மா தெருவுல கொஞ்சம் தள்ளி நீலக் கதவு வீட்டுல இருக்காங்க"ன்னு சொல்றா. அவரும் "அப்படியா பாப்பா, சரி சரி"ன்னு போயிட்டார். இப்ப கடைக்குக் கூட்டிட்டுப் போற வழியில ஒவ்வொரு கதவா பாத்துக்கிட்டே வர்றா.

நீ அவகிட்ட சொல்லவே இல்ல, தம்பி. எங்கேயோ இருக்கான்னு சொல்லியிருக்க. சின்னவ இறந்து இத்தனை மாசத்துல அந்த வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்து நான் கேட்டதில்ல. "அது நடந்தப்புறம்"கிற, "சாயங்காலம் அவள் இல்லை"ன்னு எழுதுற. கடைக்குப் போனவளா அவ? ஆஸ்பத்திரி வாசல்ல நாங்க எல்லாம் கதறிக்கிட்டு இருந்தப்போ நீ பார்க்கிங் டோக்கனைத் தேடிக்கிட்டு நின்ன. உன்னைக் குறை சொல்லல. ஆனா அதைச் சொல்ல வேண்டியவன் நீதான். நான் சொல்ல மாட்டேன். பெரியம்மாதான் அம்மாவை இல்லாமப் பண்ணினான்னு அந்தப் புள்ள மனசுல தங்கிடக் கூடாது.

இன்னொண்ணு. ஜூன்ல இங்கேயே நல்ல பள்ளிக்கூடமா பாத்துச் சேத்துடலாமான்னு இவர் கேக்குறார். எங்களுக்கும் வீட்டுல ஒரு சத்தம் இருக்கு இப்ப. நீ யோசி.

எப்ப வர்ற?

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அந்த வரியைப் படித்த பிறகு அன்றைக்கு எடுத்த வகுப்பில் என்ன சொன்னேன் என்றே எனக்குத் தெரியாது. ஜூனில் நான் அழைத்து வந்துவிடுவேன். வேலை மட்டும் கிடைக்க வேண்டும்.

பேசுவது மாதிரி எழுதச் சொன்னீர்கள். அப்படி எழுத உட்கார்ந்தால் பேசாமல் வைத்திருப்பதெல்லாம் வந்துவிடுமோ என்று இருக்கிறது. இப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை என்ன என்று உங்களுக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. நான் முதலில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் இடத்தில் வேலை பார்த்தேன். கடிகாரங்கள் உண்மையில் எதை அளக்கின்றன என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. அதை விட்டுவிட்டு இயற்பியலின் தத்துவத்துக்கு வந்தேன். இயற்பியல்காரர்களுக்கு நான் வாய்ப்பேச்சுக்காரன். தத்துவக்காரர்களுக்கு நான் கணக்கு வாத்தியார். இரண்டு வீட்டிலும் விருந்தாளி, எந்த வீட்டிலும் எனக்கென்று ஒரு பாய் கிடையாது. இப்படி ஒருவனுக்கு நிரந்தர இடம் காலியாவது அபூர்வம். இதை விட்டால் அடுத்தது எந்த ஊரில், எந்த வருஷத்தில் என்று யாருக்கும் தெரியாது.

இயற்பியலின் சமன்பாடுகளில் "இப்போது" என்று தனியாக ஒன்று கிடையாது. எந்த நிமிஷத்துக்கும் விசேஷ மரியாதை இல்லை. அதனால் எங்கள் துறையில் இரண்டு கட்சி. இப்போது மட்டும்தான் உண்டு, நேற்று அழிந்தே போய்விட்டது என்று ஒரு கட்சி. நேற்றும் உண்டு, நாளையும் உண்டு, நாம் அங்கே இல்லை, அவ்வளவுதான் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது. அந்தத் தெருப் படத்தைப் போட்டு நான் எழுதிய முதல் கட்டுரைதான் என்னை நாலு பேருக்குத் தெரியவைத்தது. கருத்தரங்குகளில் என்னைத் "தெருக்காரர்" என்றே கூப்பிடுவார்கள். உங்கள் தங்கைக்கு அதில் ஏகப்பட்ட கிண்டல். "தெருக்காரரே, நேத்து இருக்கா இல்லையான்னு சாயங்காலம் வந்து முடிவு பண்ணிக்கலாம். இப்ப வீட்டுல பால் இல்ல, அது நிச்சயம்" என்பாள்.

போன வாரம் கேன்டீனில் துறைத் தலைவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர். என் கையைப் பிடித்து, "உங்க கொள்கைப்படி பாத்தா அவங்க எங்கயும் போகலையே சார்" என்றார். நான் தலையாட்டினேன். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வாலுவுக்கு நான் எழுதியது பொய் இல்லை, அக்கா. விவரம் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஏற்றுக்கொள்கிற விஷயம். தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் கட்டுரையில் அடிக்குறிப்பே போட்டிருக்கிறேன்: "இந்த ஒப்புமையை எல்லா விதத்திலும் நீட்டக் கூடாது." அவள் சிரித்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. மார்ச் 6 முடிந்ததும், 7ஆம் தேதி கிளம்பி வருகிறேன்.

பல் ஆடுவது தெரியாது. தலைவலி என்று சொன்னாளா?

தம்பி


பிப்ரவரி 27

தம்பி,

அவசரத்துல கிறுக்குறேன், அதனால என் எழுத்தும் இன்னிக்கு உன் எழுத்து மாதிரிதான் இருக்கும்.

முதல்லயே சொல்லிடுறேன், அவ நல்லா இருக்கா. இவர் பக்கத்துல உக்காந்து பொம்மைக்குப் பட்டன் தைக்கிறா. இப்ப மேல படி.

இன்னிக்கு மத்தியானம் கடையில பின்னாடி ரூம்ல அட்டைப்பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து வரைஞ்சுக்கிட்டு இருந்தா. ஒருத்தருக்கு பிரஷர் மாத்திரை எடுத்துக் குடுத்துட்டுத் திரும்புறேன், ஆளைக் காணோம். செருப்பும் இல்ல. உன் படமும் இல்ல. கடையை அப்படியே போட்டுட்டு ஓடினேன். இவர் வேலையிலேர்ந்து வண்டியை எடுத்துக்கிட்டு வந்து அந்தப் பக்கம் போனார், நான் இந்தப் பக்கம். பேரைச் சொல்லிக் கத்துறேன். அவ என்ன சட்டை போட்டிருந்தான்னு ஒருத்தர் கேட்டப்போ எனக்குச் சொல்லத் தெரியல. காலையில நான்தான் போட்டுவிட்டேன், நிறம் நினைவுக்கு வரல.

பஸ் போற பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் கடை இருக்கு. நீலக் கதவு. அங்க இருந்தா. அந்த ரோட்டை அவ தனியா தாண்டியிருக்கா, தம்பி. லாரி போற ரோடு.

தையல்காரம்மா சொன்னாங்க. வாசல்ல செருப்பைக் கழட்டி ஒழுங்கா ஓரமா வச்சுட்டு உள்ள வந்து, கையில படத்தைப் பிடிச்சுக்கிட்டு, "ஆன்ட்டி, இது போன வருஷமா?"ன்னு கேட்டாளாம்.

"இல்லம்மா, இது தையல் கடை"ன்னு அவங்க சொன்னாங்களாம்.

"அப்ப போன வருஷம் எந்தப் பக்கம் போகணும்?"

அவங்க முதல்ல விளையாட்டுன்னு நினைச்சுச் சிரிச்சிருக்காங்க. அப்புறம் இவ முகத்தைப் பாத்துட்டு, உக்கார வச்சு, பட்டன் டப்பாவைக் குடுத்து, வாசல்ல வந்து நின்னு யாராவது தேடிக்கிட்டு வர்றாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க. அந்தம்மா காலுல விழாத குறை.

அடிக்குறிப்பு போட்டேன்னு எழுதினியே. அஞ்சு வயசுப் புள்ள அடிக்குறிப்பு படிக்குமா?

உனக்குப் போன் பண்ணல. பண்ணினா நீ பேசாம இருப்ப. அந்தப் பேசாமையை நான் இன்னிக்குத் தாங்க மாட்டேன்.

வா. இதைப் பாத்ததும் கிளம்பி வா.

அக்கா


மார்ச் 2

அக்கா,

கடிதம் இன்றைக்குக் காலையில் கிடைத்தது. உடனே போன் செய்தேன். சகலைதான் எடுத்தார். "நல்லா இருக்கா, தூங்குறா" என்றார். "அக்கா?" என்றேன். "அவளும் தூங்குறா" என்றார். பகல் பதினொரு மணிக்கு மருந்துக்கடையில் யாரும் தூங்க மாட்டார்கள். சரி என்று வைத்துவிட்டேன்.

பேருந்து நிலையம் வரைக்கும் போனேன். வண்டி நின்றது. ஏறவில்லை. இப்போது வந்தால் 6ஆம் தேதிக்குள் திரும்ப முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியும். ஆனால் வந்து அவளைப் பார்த்தபிறகு திரும்புவேனா என்று தெரியவில்லை. திரும்பாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் ஜூன் இல்லை. எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் அவளை இழக்கிற மாதிரியே விடை வருகிறது. ஓட்டுநர், "சார், ஏறுறீங்களா இல்லையா, வழியில நிக்காதீங்க" என்றார். நகர்ந்துகொண்டேன்.

லாரி. அந்த வார்த்தையை எழுதாமல் இருந்திருக்கலாம் நீங்கள். இல்லை, எழுதியதுதான் சரி.

வெயிலில் நடந்திருக்கிறாள். தலைவலி என்று சொன்னாளா?

7ஆம் தேதி வருகிறேன். நிச்சயம்.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

அன்னிக்கு நான் தூங்கல. இவர் லீவு போட்டுட்டுக் கடையில இருந்தார், கல்லாவுல நின்னுக்கிட்டு இவருக்குச் சைகை காட்டினேன். கோபம்தான். இப்பவும் இருக்கு.

தலைவலி இல்ல. இல்ல. இல்ல. மூணு தடவை எழுதிட்டேன், அடுத்த ரெண்டு கடிதத்துக்கும் சேத்து வச்சுக்கோ.

நான் ஒண்ணு சொல்லிடுறேன், மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியல. அவ கிடைச்சதும் தூக்கிக்கிட்டு வர்றப்போ, இவளை இனிமே யார்கிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு நினைச்சேன். உன்கிட்டயும்தான். படத்தை வரைஞ்சவன்கிட்ட எதுக்குக் குடுக்கணும்னு தோணுச்சு. வீட்டுக்கு வந்து முகம் கழுவினப்புறம், தொலைச்சது யாருன்னு யோசிச்சேன். நீ ஒரு படம் போட்ட. நான் முதுகைத் திருப்பிக்கிட்டு நின்னேன். ரெண்டு பேரும் சமம்தான். அதனால உன்னைத் திட்டுறதைப் பாதியாக் குறைச்சுக்கிறேன்.

இப்ப விஷயம். மூணு நாளா அவ அம்மாவைப் பத்திப் பேசல. நான் படத்தை எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன். நேத்து சாப்பிடுறப்போ திடீர்னு சொன்னா: "பெரியம்மா, அப்பா மேல தப்பு இல்ல. அப்பா வீட்டு நம்பர் போட மறந்துட்டாரு. நம்பர் போட்டு வேற படம் அனுப்பச் சொல்லுங்க. நீலக் கதவு நிறைய இருக்குல்ல?"

இதை அப்படியே எழுதி அனுப்பச் சொன்னா. எழுதியாச்சு. என்ன நம்பர் போடப் போற?

அக்கா


மார்ச் 6

அக்கா,

உங்கள் கடிதம் காலையில் துறை அலுவலகத்தில் இருந்தது. தேர்வுக் குழு அறைக்குப் போகிற வழியில் படித்தேன். "என்ன நம்பர் போடப் போற?"

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். துறைத் தலைவர், இரண்டு தத்துவக்காரர்கள், இயற்பியலிலிருந்து ஒரு கண்ணாடிக்காரர். அவர் நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை என்று முன்னாலேயே எச்சரித்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினேன். திரையில் தெரு வந்தது. அதில் நீலக் கதவு கிடையாது, எல்லாம் கறுப்புக் கோடுதான். ஆனால் எனக்கு அந்த வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு தெரிந்தது, ஓரமாக, ஒழுங்காக.

"இந்தப் படம் தப்பு" என்றேன்.

பேச்சை ஆரம்பிக்க அப்படி ஒரு உத்தி என்று நினைத்துத் துறைத் தலைவர் சிரித்தார். நான் பலகைக்குப் போய் அந்தச் சமன்பாட்டை எழுதினேன். இடத்தையும் காலத்தையும் சேர்த்து அளக்கிற சமன்பாடு. அதில் நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் கூட்டல் குறி. காலத்துக்கு மட்டும் கழித்தல் குறி. முதல் வருஷ மாணவனுக்கும் தெரிந்ததுதான். அந்த ஒரு சின்னக் கோட்டால்தான் தெருவும் காலமும் வேறு வேறு. தெருவில் நடக்கிறவன் எந்த வாசலிலும் நின்று திரும்பிக்கொள்ளலாம். காலத்தில் திரும்ப வேண்டுமென்றால் வெளிச்சத்தை விட வேகமாகப் போக வேண்டும். எதனாலும் முடியாது. தூரம் அதிகம் என்பதில்லை, வழி தெரியவில்லை என்பதும் இல்லை. வழியே கிடையாது. நான் அந்தக் கோட்டை அடிக்குறிப்பில் போட்டுவிட்டு மேலே தெரு வரைந்திருக்கிறேன் என்றேன்.

கண்ணாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தப் படத்தாலதான் உங்களை எல்லாருக்கும் தெரியும். அதையே தப்புங்கிறீங்க?"

"ஆமாங்க."

"சரி, போன வருஷம் இருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"இருக்குங்க."

"அப்புறம் என்ன தகராறு?"

"இருக்குன்னு சொல்றதுல ஒரு ஆறுதல் இருக்கிற மாதிரி எழுதிட்டேன். அது கணக்குல இல்லங்க. நானா சேத்தது."

"யாருக்கு ஆறுதல்?"

"என் பொண்ணுக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் மனைவி செத்துட்டா" என்றேன்.

அக்கா, நீங்கள் இவ்வளவு நாளாகக் கேட்ட வார்த்தை. சம்பந்தமே இல்லாத நாலு பேர் முன்னால், கையில் மார்க்கர் பேனாவோடு நின்றுகொண்டு சொன்னேன். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். தத்துவக்காரர் ஒருவர் மூன்றாவது படத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அந்தப் படத்தை நான் இன்னும் காட்டவே இல்லை. அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம். பேசி முடித்தேன். எப்படிப் பேசினேன் என்று தெரியாது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். காவலாளி வந்து தண்ணீர் கொடுத்தார். அப்போதுதான் என் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருப்பதைப் பார்த்தேன். தண்ணீர் சிந்தியதால் இல்லை.

துறைத் தலைவர் பிறகு வந்து, கல்லூரி முதல்வர் என்னை 12ஆம் தேதி பார்க்க வேண்டும் என்கிறார், அதுவரைக்கும் ஊரிலேயே இருங்கள் என்றார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவர் முகத்தில் படிக்க முடியவில்லை. அதனால் நாளைக்குக் கிளம்புவதாகச் சொன்னது தள்ளிப்போகிறது. கோபப்படாதீர்கள். 12 முடிந்ததும் வருகிறேன்.

வாலுவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். நேரில் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவள் இன்னொரு நீலக் கதவைத் தேடிக் கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்ல வேண்டாம், நான் சொல்வதை வாசித்துக் காட்டினால் போதும். படம் இல்லை.

"வாலு, அப்பா படம் தப்பாப் போட்டுட்டேன். நம்பர் மறக்கல. அந்த வீட்டுக்கு நம்பரே கிடையாது, ஏன்னா அங்க போக ரோடு இல்ல. நடந்தும் போக முடியாது, பஸ்லயும் போக முடியாது, பெரியவங்களாலயும் முடியாது. அம்மா செத்துட்டா. அப்படின்னா அம்மா இனிமே இங்க வர மாட்டா, நாமளும் அங்க போக முடியாது. அம்மா உனக்குத் தலை வாரிவிட்டது நிஜம். அதை யாராலயும் இல்லைன்னு ஆக்க முடியாது. இது மட்டும்தான் அப்பாவுக்கு நிச்சயமாத் தெரியும். நீ ரோட்டைத் தனியாத் தாண்டாதே. அப்பா."

தம்பி


மார்ச் 9

தம்பி,

சாப்பாடு முடிஞ்சு அவளை மடியில வச்சுக்கிட்டு இவரைப் படிக்கச் சொன்னேன். இவர் பாதியில தாளை என் கையில குடுத்துட்டார். மீதியை நான் படிச்சேன். "செத்துட்டா"ங்கிற வார்த்தை என் பங்குலதான் வந்துச்சு. என்ன பண்றது, உன் வார்த்தைதானேன்னு படிச்சுட்டேன்.

அவ பல்லை ஆட்டிக்கிட்டே இருந்தா. அப்புறம் அழுதா. எப்படி அழுதாங்கிறதை நான் எழுத மாட்டேன். நானும் அழுதேன், இவரும் உள்ள போய் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு அழுதார். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து என்னாச்சுன்னு கேட்டாங்க. என் தங்கச்சி செத்துட்டான்னு சொன்னேன். அவங்க, அது எப்பவோ தெரியுமேங்கிற மாதிரி முழிச்சாங்க.

அழுது ஓஞ்சப்புறம் என் முந்தானையில மூக்கைத் துடைச்சுக்கிட்டு ஆரம்பிச்சா. அப்படியே எழுதுறேன்.

"அப்பா செத்துட்டாரா?"

"சீ, இல்லடி. அப்பா நல்லா இருக்காரு."

"அப்பா இருக்கிற வீட்டுக்கு நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"ரோடு?"

"இருக்கு."

"பஸ்?"

"காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு."

"அப்ப அவரு ஏன் வரல?"

முதல்வர், பன்னெண்டாம் தேதி, நிரந்தர இடம் எல்லாம் எனக்குப் புரியுது. நிஜமாவே புரியுது. ஆனா அவ கேட்டப்போ அது ஒண்ணையும் எடுத்துச் சொல்ல எனக்கு மனசு வரல.

பள்ளிக்கூடப் பேச்சை நான் இனிமே எடுக்க மாட்டேன். உன் பொண்ணு, உன் ஜூன். வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டாலும்.

இதுக்குப் பதில் எழுதிக்கிட்டு உக்காந்திருக்காதே.

அக்கா


மார்ச் 11

அக்கா,

எழுதாதேன்னு சொன்னீங்க. பஸ்லதான் உக்காந்திருக்கேன், கை சும்மா இருக்க மாட்டேங்குது. வண்டி ஆடுது, எழுத்து இன்னும் மோசமா இருக்கும். இதைத் தபால்ல போடப் போறதில்ல. நானே கையில கொண்டு வர்றேன்.

காலையில உங்க கடிதம் வந்துச்சு. நேரா துறைத் தலைவர் ரூமுக்குப் போனேன். "நாளைக்கு என்னால முதல்வரைப் பாக்க முடியாது சார், ஊருக்குப் போறேன்"னேன். "யோசிச்சுத்தான் பேசுறீங்களா? வேற தேதி குடுப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது"ன்னார். "என் பொண்ணு ஒரு கேள்வி கேட்டிருக்கா, பதில் இல்ல சார்"னேன். என்ன கேள்வின்னு கேட்டார். சொன்னேன். கைக்கடிகாரத்தைப் பாத்துட்டு, "மத்தியான பஸ் எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. கிடைக்குமா போகுமான்னு தெரியாது. பயமாத்தான் இருக்கு. ஜூன்ல எங்க இருப்போம், என்ன வேலை, வாடகைக்கு என்ன பண்றது, ஒண்ணும் தெரியாது. ஆனா எங்க இருந்தாலும் அவ என்கூட இருப்பா. ஞாயித்துக்கெழமையில அவளைக் கூட்டிக்கிட்டு வந்துடுறேன், உங்க வீட்டுல சத்தம் இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு.

வாசல்ல மாட்டியிருந்த உங்க தங்கச்சி குடையை எடுத்துட்டேன். எங்க வைக்கிறதுன்னு தெரியல, அதனால கையிலேயே எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வெளிய மழையும் இல்ல ஒண்ணும் இல்ல. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பாக்குறார்.

பாதி வழியில, அடுப்பை அணைச்சேனான்னு சந்தேகம் வந்துச்சு. இறங்கித் திரும்பிப் போகல. போனா போகட்டும்.

வாலுவுக்குத் தலைவலி இருக்கான்னு இந்தத் தடவை கேக்கல. வந்து நானே தொட்டுப் பாத்துக்கிறேன்.

தம்பி